தண்ணியில நின்ன ஆம்ப்

எங்க காலேஜ்ல கிட்டார் வாசிக்கிறவங்களை எண்ணி முடிக்க முடியாது. பேஸ் வாசிக்கிறவங்க எனக்குத் தெரிஞ்சு ஆறே பேர். எங்களுக்குள்ளயேதான் வாங்குறது விக்கிறது எல்லாம். ஒரு சீனியர் பாஸ் அவுட் ஆனா அவரோட பேஸ் ஒரு ஜூனியர் கைக்கு வரும். புதுசு வாங்கலாம்னு வீட்ல கேட்டா, "அதென்ன நாலு கம்பி? அதே காசுக்கு ஆறு கம்பி உள்ளதையே வாங்கேன்"னு எங்க அம்மா மாதிரிதான் எல்லா அம்மாவும் கேப்பாங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நமக்குள்ள ஒரு பொருளை விக்கும்போது அதோட குறையையும் சொல்லித்தான் விக்கணும். "வாங்குறவன்தான் பாத்து வாங்கணும்"ங்கிற பேச்சு பேஸ் விஷயத்துல செல்லாது. யோக்கியன் மாதிரி பேசறேன்னு நினைக்காதீங்க. சொல்லாம வித்தவன்தான் நான்.

எங்க ஊர் சோரியாங்குப்பம். பாகூர் கொம்யூன், தென்பெண்ணை ஆத்தங்கரை. வெளியூர்க்காரங்க எங்க ஊருக்கு எதுக்கு வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும், அதை விடுங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. அந்த மழையைக்கூட சமாளிச்சுட்டோம். அதுக்கப்புறம் சாத்தனூர் அணையில 1 லட்சம் கன அடிக்கு மேல திறந்துவிட்டாங்க, ஆறு ஊருக்குள்ள வந்துடுச்சு. அரிசி, சர்டிபிகேட், பாட்டி, இந்த வரிசையில எல்லாத்தையும் மேல ஏத்தினோம். பேஸைத் தூக்கி பீரோ மேல வெச்சேன். ஆம்பை மறந்துட்டேன்.

முழங்கால் தண்ணியில ஒரு நாள் முழுக்க நின்னுச்சு. வெயில்ல காய வெச்சு ரெண்டு வாரம் கழிச்சு ஆன் பண்ணேன். சத்தம் வந்துச்சு! துடைச்சு, போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். ஒரு ஜூனியர் 4,000 ரூபாயோட வந்தான். "ஏண்ணா விக்கிறீங்க?"ன்னு கேட்டான். "பெருசு ஒண்ணு வாங்கப் போறேன்டா"ன்னு சொன்னேன்.

மூணே வாரத்துல ஆம்ப் போச்சு. அவன் எனக்கு போன் பண்ணி என்ன சொன்னான் தெரியுமா? "சாரிண்ணா, நான்தான் வால்யூமை ஜாஸ்தியா வெச்சுட்டேன் போல."

திட்டியிருந்தாக்கூட எனக்கு ஈஸியா இருந்திருக்கும்.

என் டிபார்ட்மென்ட் இ.இ.இ. அதனால இதைச் சொல்லியே ஆகணும். பேஸோட கம்பி பிரிட்ஜ் வழியா, கேபிள் வழியா, ஆம்போட கிரவுண்டுக்குப் போகுது. நாம கம்பியைத் தொட்டா ஹம் குறையுறது அதனாலதான். தண்ணியில ஊறின டிரான்ஸ்பார்மர்ல இன்சுலேஷன் கெட்டுப்போய் கரண்ட் பாடிக்கு லீக் ஆகலாம். எர்த் ஒழுங்கா இருந்தா ஃப்யூஸோ டிரிப்பரோ போகும். நம்ம வீடுகள்ல எர்த் எப்படி இருக்கும்? மூணு பின் பிளக்ல ஒரு பின்னை உடைச்சுட்டு சொருகுற ஆளுங்க நாம. அப்போ கரண்டுக்கு மிச்சம் இருக்குற வழி, கம்பி மேல இருக்குற விரல்தான். 1972-ல ஸ்வான்சீ நகரத்துல லெஸ் ஹார்விங்கிற கிட்டாரிஸ்ட், கையில கிட்டாரோட, ஒழுங்கா எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். நான் அந்தப் பையனுக்கு வித்தது அந்த மாதிரி ஒரு பெட்டியா இருந்திருக்கலாம். ஆம்ப்தான் போச்சு, அவன் தப்பிச்சான்.

"அவன் டெஸ்ட் பண்ணி வாங்கியிருக்கணும்"னு ரூம்மேட் சொன்னான். எங்கே பண்றது? பேஸோட அடி கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர்ல அது கேக்கவே கேக்காது, அதனால நாம அனுப்புற டெமோ வீடியோ எல்லாம் சும்மா. ராஜா சார் பாட்டுல சசிதரன் வாசிச்ச பேஸை போன்ல கேட்டுட்டு, அப்புறம் நல்ல ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க, எவ்வளவு காணாமப் போயிருக்குன்னு தெரியும். ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிருந்தா வால்யூம் ஏத்தி அடி கம்பியை அடிச்சாத்தான் தெரியும். பாட்டி தூங்குற வீட்ல அதை எவன் செய்வான்? நெக்கும் அப்படித்தான். நாலு கம்பியும் சேர்ந்து அதை 70, 80 கிலோ பாரத்துல இழுக்குது. உள்ள இருக்குற டிரஸ் ராட் இன்னும் திரும்புமா, இல்ல முழுசா திருகி முடிஞ்சுதான்னு வெளியேர்ந்து பாத்தா தெரியாது. முதல் தடவை வாங்குறவனுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தருவா? கிட்டார் கிளாஸ் நிறைய இருக்கு, பேஸ் கிளாஸ் எங்க பக்கம் நான் பாத்ததில்ல. இந்தக் குறையெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் விக்கிறவன்தான்.

"உண்மையைச் சொன்னா எவன்டா வாங்குவான்?"னு அடுத்த கேள்வி வரும். நான் வாங்கினேனே. செகண்ட் இயர்ல ஒரு அண்ணன் என்கிட்ட பேஸை விக்கும்போது, "ஏழாவது ஃப்ரெட்ல பஸ் அடிக்கும். ராட் முடிஞ்சுபோச்சு, இனி திருப்பாத, உடைஞ்சிடும். லைட்டான கம்பி போடு"ன்னு சொல்லி 1,500 குறைச்சார். அவர் சொல்லலைன்னா நானே ஆலன் கீ வெச்சுத் திருகி உடைச்சிருப்பேன். அந்த பேஸ்லதான் மூணு கல்ச்சுரல்ஸ் வாசிச்சேன்.

அந்த ஜூனியருக்கு 2,500 திருப்பிக் குடுத்துட்டேன், விஷயத்தையும் சொன்னேன். ரெண்டு நாள் பேசல, அப்புறம் பேசினான். 1,500 பாக்கி இருக்கு, இந்த செமஸ்டருக்குள்ள குடுத்துடுவேன். ஆம்ப் திரும்ப எங்க வீட்டுக்கே வந்துடுச்சு. "வெள்ளத்துல நின்னது, பிளக் சொருகாதே"ன்னு மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்கேன்.

மே மாசம் என் பேஸை விக்கிறேன். ஏழாவது ஃப்ரெட்ல பஸ் அடிக்கும். ராட் திரும்பாது. டோன் நாப் கரகரங்கும். ஜாக்கை நான் புதுசா சால்டர் பண்ணேன், சுமாராத்தான் பண்ணியிருக்கேன். வேணும்கிறவங்க நேர்ல வந்து சத்தமா வாசிச்சுப் பாருங்க. பாட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.