சீனி போடாத ஓட்ஸ் அடை

தோட்டத்துக் கடையானாலும் டத்தோ கிராமாட் சாலைக் கடையானாலும், சீனியும் பால்மாவும் கலந்த ஓட்ஸ் பொட்டலம் வேண்டாம். வெறும் ஓட்ஸே வாங்குங்கள். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. ஓட்ஸின் நார்ச்சத்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். அதிலேயே சீனியைக் கொட்டினால் என்ன பயன்?

கனிந்த பீசாங் மாஸ் 3, ஓட்ஸ் 1 கோப்பை, முட்டை 1, உப்பு ஒரு சிட்டிகை. பழத்தை மசித்து, எல்லாம் கலந்து, 10 நிமிடம் ஊற வையுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, சின்னச் சின்ன அடைகளாகத் தட்டி, இளந்தீயில் இருபுறமும் சிவக்கச் சுடுங்கள். காலையில் பசியாறவும் ஆகும். மாலையில் பிள்ளைகளுக்குப் பலகாரமும் ஆகும். நீரிழிவுள்ளவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழத்திலும் இனிப்பு உண்டல்லவா!