முன்னாள் கம்பெனியும் மூடின வாயும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். கம்பெனி பேர், கஸ்டமர் பேர், எந்த விமானம் - மூணையும் சொல்ல மாட்டேன். தனி மெயில்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய இடத்துல போன வாரம் சொல்லியாச்சு. அதுவரைக்கும் இந்தப் பதிவு நாலு மாசமா டிராஃப்ட்ல தூங்கிட்டு இருந்தது.

"நீதான் வெளிய வந்துட்டியே மச்சான், அப்புறம் உனக்கென்ன?" இந்த நாலு மாசத்துல நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ரூம்மேட், காலேஜ் பசங்க, எங்க சித்தப்பா, புது ஆபீஸ்ல பக்கத்து சீட்டு அண்ணன்னு ஒருத்தர் பாக்கி இல்லை. எல்லாரும் நல்லவங்க, என் மேல அக்கறை உள்ளவங்க. ஆனா எல்லாரும் சொல்றது தப்பு. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா கத்தி தொண்டை வத்திப் போச்சு, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

முதல்ல வேலையைப் பத்தி. பொட்டி தட்டற நம்மாளுங்கள்லயே பல பேருக்குத் தெரியாது, விமானத்துக்குள்ள ஓடற சாஃப்ட்வேருக்குன்னு ஒரு வேதப் புத்தகம் இருக்கு. பேரு டிஓ-178. 1992-ல பி வெர்ஷன் வந்தது, 2011 டிசம்பர்ல சி வந்தது. சாஃப்ட்வேர் சொதப்பினா விமானத்துக்கு என்ன ஆகும்ங்கறதை வச்சு ஏ-யிலேர்ந்து ஈ வரைக்கும் லெவல் பிரிப்பாங்க. ஏ-ன்னா மொத்தமா போச்சு. ஈ-ன்னா பாதுகாப்புக்கு ஒரு பாதிப்பும் இல்லை. சி வெர்ஷன்படி லெவல் ஏ-வுக்கு 71 விஷயத்தைச் செஞ்சு காட்டணும், பி-க்கு 69. அதுல ஏ-வுக்கு 30, பி-க்கு 18 விஷயத்தைச் செஞ்சவனே சரிபார்க்கக் கூடாது, வேற ஒரு ஆள் பார்க்கணும். நம்ம வீட்டுல அம்மா வச்ச குழம்பை அப்பா ருசி பார்க்கற மாதிரி. (அப்பா உண்மையைச் சொல்ல மாட்டார்ங்கறது வேற விஷயம்.)

நான் இருந்தது லெவல் பி பிராஜெக்ட். கோட் எழுதறது வெளிநாட்டுல, டெஸ்ட் எழுதி ஓட்டி ரிசல்ட் குடுக்கறது பெங்களூர்ல நாங்க. ஓட்டறதுன்னா லேப்டாப்ல இல்லை. விமானத்துல போற அதே மாதிரிப் பெட்டியில ஏத்தி ஓட்டணும். எங்ககிட்ட அந்தப் பெட்டி இருந்தது ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ணு பாதி நாள் படுத்துக்கும். எல்லா டெஸ்டையும் ஒரு சுத்து ஓட்டி முடிக்க ரெண்டு வாரம் ஆகும். கஸ்டமர்கிட்டேர்ந்து கடைசி பில்ட் வந்தது டெலிவரிக்கு ஆறு நாள் முன்னாடி. கணக்கு உங்களுக்கே புரியும்.

ஆறாவது நாள் பார்த்தா எல்லா டெஸ்டும் பாஸ்!

எப்படின்னு கேக்கறீங்களா? பழைய பில்டோட லாக் ஃபைலை எடுத்து, பில்ட் நம்பரை மாத்தி, தேதியை மாத்தி உள்ள போட்டுட்டாங்க. ஒரு ஃபைல்ல ராத்திரி ரெண்டே கால் மணிக்கு டெஸ்ட் ஓடினதா நேரம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி ஜெனரேட்டர் வேலைன்னு லேப்ல கரண்ட்டே இல்லை, அதுக்கு முன்னாடி நாளே எல்லாருக்கும் மெயில் வந்திருந்தது. ரிவ்யூ பண்ணினதா பேர் போட்டிருந்த ஒரு ஃபிரஷர் பொண்ணு அந்த வாரம் முழுக்க அவங்க அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்துச்சு.

என்கிட்டயும் கையெழுத்து கேட்டாங்க, போடலை. மேனேஜருக்கு மெயில் போட்டேன். பதில் மெயில்ல வரலை, "கேபினுக்கு வாப்பா"ன்னு வந்தது. அங்க சொன்னது: "கோட்ல மாறினது மொத்தமே நாலு லைன். இதுக்குப் போய் ஏன் டென்ஷன் ஆகற?" அப்புறம் எதிக்ஸ் ஹாட்லைன்ல போட்டேன். வருஷா வருஷம் வீடியோ பார்த்து, பத்து கேள்விக்கு எட்டு சரியா டிக் பண்ணினாத்தான் விடுவாங்களே, அதே ஹாட்லைன். மூணாவது நாள் டிக்கெட்டை "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க. நான் பேப்பர் போட்டுட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். நண்பர்களோட முதல் வாதம்: "அது வெறும் பேப்பர்தானடா, கோட் நல்லாத்தான இருக்கு."

இதைக் கேட்டாத்தான் எனக்கு எரியும். விமானத்துறையில பேப்பர்தான்யா பாதுகாப்பு! 2024 ஜனவரி 5, அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282. போர்ட்லேண்ட்லேர்ந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல, சுமார் 15,000 அடி உயரத்துல, போயிங் 737 மேக்ஸ் 9-ல கதவுக்குப் பதிலா வச்சிருந்த பலகை பிச்சுக்கிட்டுப் போச்சு. உள்ள 177 பேர். பக்கத்து சீட்டு காலியா இருந்ததால யாரும் சாகலை. விசாரிச்சுப் பார்த்தா நாலு போல்ட் இல்லை. ஏன் இல்லை? ரென்டன் ஃபேக்டரியில பக்கத்துல இருந்த ரிவெட்டைச் சரி பண்றதுக்காக அந்தப் பலகையைத் திறந்திருக்காங்க, ஆனா திறந்ததா எங்கயும் பதிவு பண்ணலை. திறந்ததுக்குப் பேப்பர் இல்லைன்னா, மூடினதைச் சோதிக்கணும்னு யாருக்கும் தோணாது. சோதிக்கவும் இல்லை.

இன்னொண்ணும் சொல்றேன். 2023-ல போர்ச்சுகல் நாட்டு டிஏபி விமானக் கம்பெனியோட பராமரிப்பு இஞ்சினியர்களுக்கு ஒரு உதிரி பாகத்தோட சர்டிஃபிகேட் மேல சந்தேகம் வந்தது. சஃப்ரான் கம்பெனிகிட்ட "இது நீங்க குடுத்ததா?"ன்னு கேட்டாங்க. "நாங்க குடுக்கலை"ன்னு பதில். ஏஓஜி டெக்னிக்ஸ்னு லண்டன்ல ஒரு கம்பெனி, போலி பேப்பரோட சிஎஃப்எம்56 இஞ்சின் பாகங்களை வித்துக்கிட்டு இருந்தது இப்படித்தான் வெளிய வந்தது. பல நாட்டு விமானக் கம்பெனிகள் இஞ்சினைக் கழட்டி அந்தப் பாகங்களைத் தேடித் தேடி எடுத்தாங்க. அந்த பாகம் நல்லா இருந்திருக்கலாம், மோசமாவும் இருந்திருக்கலாம். எதுன்னு சொல்ல முடியாதபடி ஆக்கினதுதான் குத்தம். எங்க நாலு லைனும் அப்படித்தான். அது சரியா இருக்கலாம். ஆனா சரின்னு தெரிஞ்சவன் இந்த உலகத்துல ஒருத்தனும் இல்லை, தெரிஞ்ச மாதிரி கையெழுத்து மட்டும் இருக்கு.

ரெண்டாவது வாதம்: "இத்தனை மாசமா பறக்குதுல்ல, ஒண்ணும் ஆகலையே."

737 மேக்ஸ் பயணிகளை ஏத்த ஆரம்பிச்சது 2017 மே மாசம். 2018 அக்டோபர் 28-ஆம் தேதி வரைக்கும் "ஒண்ணும் ஆகலையே"தான். மறுநாள் லயன் ஏர் 610 ஜாவா கடல்ல விழுந்தது, 189 பேர். 2019 மார்ச் 10-ல எத்தியோப்பியன் 302, 157 பேர். ஒரே ஒரு சென்சார் சொல்றதை நம்பி விமானத்தோட மூக்கைக் கீழ தள்ளற சாஃப்ட்வேர், முதல் நாள்லேர்ந்து உள்ளதான் இருந்தது.

எட் பியர்சன்னு ஒருத்தர், அதே ரென்டன் ஃபேக்டரியில சீனியர் மேனேஜர். முதல் விபத்துக்கு முன்னாடியே, 2018 ஜூன்ல, உற்பத்தியை நிறுத்துங்கன்னு மேலதிகாரிக்கு எழுதினார். நிறுத்தலை. ஆகஸ்ட்ல ஓய்வு வாங்கிட்டுப் போனார். லயன் ஏர் விழுந்ததும் சும்மா இருக்காம, முன்னாள் ஊழியரா திரும்பவும் போயிங் தலைமைக்கு எழுதினார். 2019 டிசம்பர்ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி சாட்சி சொன்னார். நியாயமா ஒண்ணு சொல்லணும்: அவர் கவலைப்பட்டது ஃபேக்டரியோட அவசரத்தைப் பத்தி, விபத்துக்கு முக்கியக் காரணம் அந்த சாஃப்ட்வேர். அவர் பேச்சைக் கேட்டிருந்தா 346 பேரும் பிழைச்சிருப்பாங்கன்னு நான் கதை விட மாட்டேன். ஆனா "வெளிய வந்துட்டோமே, நமக்கென்ன"ன்னு அவர் இருக்கலை. அதுதான் எனக்கு வேணும்.

நம்ம ஊர்லயும் ஆள் இருக்கார். கேப்டன் மோகன் ரங்கநாதன், சென்னைக்காரர். 158 பேர் செத்த 2010 மங்களூர் விபத்துக்கு அப்புறம், 2011-லயே எழுதிக் குடுத்தார்: கோழிக்கோடு ஓடுபாதையில, மழையில, பின்காத்தோட ரன்வே 10-ல இறங்கறது உயிரோட விளையாடறதுன்னு. 2020 ஆகஸ்ட் 7, மழை ராத்திரி, அதே கோழிக்கோடு, அதே ரன்வே 10, பின்காத்து. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்துல விழுந்து 21 பேர் போனாங்க. அந்த ஒன்பது வருஷமும் "ஒண்ணும் ஆகலையே"ன்னு சொன்னவங்க இருந்திருப்பாங்கதான? அவங்கள்லாம் இப்ப எங்க?

அடுத்தது பயம். இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். "ஜான் பார்னெட்டுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"ன்னு ஃபிரெண்டு ஒருத்தன் யூட்யூப் லிங்க் அனுப்பினான். தெரியும். போயிங்ல தர மேனேஜரா இருந்தவர், 2017-ல வெளிய வந்து வழக்கு போட்டார். 2024 மார்ச்ல வாக்குமூலம் குடுத்துட்டு இருந்த நாட்கள்ல இறந்து கிடந்தார். தற்கொலைன்னு போலீஸ் விசாரணை முடிஞ்சது. நம்மாளுங்க அதுல கொலைச் சதி தேடறாங்க. எனக்குப் பயம் அந்தச் சதி இல்லை, அந்த ஏழு வருஷம். ஒரு மனுஷன் சொன்னதையே ஏழு வருஷம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கார்.

அதுவும் சட்டம் இருக்கற நாட்டுல! அமெரிக்காவுல 2000-லயே விமானத்துறை ஊழியர்களுக்குன்னு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு, 2020 கடைசியில அதை விமானம் தயாரிக்கறவங்களுக்கும் நீட்டினாங்க. பழிவாங்கினா 90 நாளைக்குள்ள புகார் குடுக்கணும். 90 நாள்! நமக்கு அது நோட்டீஸ் பீரியட் :-) இங்க என்ன இருக்கு? 2014-ல நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேத்திச்சு, குடியரசுத் தலைவரும் கையெழுத்துப் போட்டார். இன்னிவரைக்கும் அமலுக்கு வரலை. வந்தாலும் அது அரசு ஊழியர் பண்ற தப்பைச் சொல்றவங்களுக்குத்தான். தனியார் கம்பெனி லேப்ல லாக் ஃபைலைத் திருத்தினதைச் சொல்றவனுக்கு அதுல ஒரு வரி கிடையாது. விசில் ஊதுங்கன்னு ஊருக்கு உபதேசம் பண்றவங்க இதையும் கொஞ்சம் கேக்கணும்.

ஆனா, என்னை நாலு மாசம் தூங்க விடாதது இது எதுவும் இல்லை. அந்த ஃபிரஷர் பொண்ணு. அதோட இன்னும் மூணு பசங்க. ரிவ்யூ செக்லிஸ்ட்ல இருக்கறது அவங்க பேர். கேபின்ல உக்காந்து சொன்னவர் பேர் ஒரு ஃபைல்லயும் கிடையாது. விசாரணைன்னு வந்தா முதல்ல மாட்டறது சொன்னவர் இல்லை, சொன்னதைக் கேட்டவங்க. முதல் வேலை, வீட்டுக்குப் பணம் அனுப்பற பசங்க. "அவங்களுக்காகவாவது விட்டுடு"ன்னு சித்தப்பா சொன்னப்போ என்கிட்ட பதில் இல்லை, ரெண்டு நாள் ஆச்சு. அப்புறம்தான் உறைச்சது: விட்டுட்டா அடுத்த டெலிவரிக்கும் அதே பேர்களைத்தான் போடுவாங்க. ஒரு நாள் நிஜமாவே ஏதாவது ஆச்சுன்னா, அன்னிக்கு விசாரணை அதிகாரி மேஜை மேல இருக்கறதும் அந்தப் பொண்ணு பேர்தான். விபத்துக்கு அப்புறம் மாட்டறதுக்கு, முன்னாடி மாட்டறது எவ்வளவோ மேல். அப்போ "என்னை யார் சொல்லச் சொன்னது"ன்னு சொல்றதுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

பேர் போடறதா வேண்டாமான்னும் இதே கணக்குதான். மொட்டைக் கடுதாசி போடுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அதுக்குக் காரணமும் இருக்கு. சத்யேந்திர துபே, ஐஐடி கான்பூர்ல படிச்ச இஞ்சினியர், நெடுஞ்சாலை ஊழலைப் பத்திப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, என் பேரை வெளியிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். கடிதம் அவர் பேரோடயே ஆபீஸ் ஆபீஸா சுத்துச்சு. 2003 நவம்பர்ல கயாவுல சுட்டுக் கொன்னாங்க. அதனால பேர் போடறது பெரிய வீரம்னெல்லாம் சொல்ல வரலை. ஆனா மொட்டையா போட்டா என்ன ஆகும்? "எவன்டா போட்டது"ன்னு தேடுவாங்க. தேடறது எங்க? இன்னும் உள்ள இருக்கறவங்ககிட்டதான். அந்த நாலு பேருக்கு அப்ரைசல்லயே சமாதி கட்டிடுவாங்க. பேரோட போட்டா சந்தேகம் என்னோட நின்னுடும். நான்தான் வெளிய வந்துட்டேனே! என் சம்பளம் அவங்க கையில இல்லை, ரிலீவிங் லெட்டர் வாங்கியாச்சு, பிஎஃப் மாத்தியாச்சு. "வெளிய வந்துட்டியே"ங்கறதை எல்லாரும் வாயை மூடறதுக்குக் காரணமா சொல்றாங்க. எனக்கு அதுதான் வாயைத் திறக்கறதுக்குக் காரணம். உள்ள இருக்கறவனுக்கு இல்லாத வசதி அது.

ஆதாரம் இருக்கான்னு கேக்கறவங்களுக்கு: ஒரு ஃபைலையும் நான் எடுத்துட்டு வரலை, என்டிஏ-வுல கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்கு ஆதாரம் தேவையும் இல்லை. அது அவங்க சர்வர்லயே இருக்கு. கதவுல கார்டு தேய்ச்ச நேரத்தையும் லாக் ஃபைல்ல இருக்கற நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, கரண்ட் போன ராத்திரியைப் பாருங்க, ரிவ்யூ பண்ணினவங்க லீவ் ரெக்கார்டைப் பாருங்கன்னு எழுதியிருக்கேன். மூணு கேள்வி, பில்ட் நம்பர், தேதி, கேபின்ல பேசினவர் பேர். ரெண்டரைப் பக்கம். அந்தப் பெட்டிக்குச் சான்றிதழ் குடுக்கற வெளிநாட்டு அமைப்போட ரகசியப் புகார்ப் பிரிவுக்குப் போயிருக்கு, கஸ்டமரோட பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு காப்பி. "கிடைத்தது"ன்னு ரெண்டு இடத்துலேர்ந்தும் பதில் வந்துடுச்சு. அதுக்கு மேல இதுவரைக்கும் ஒண்ணும் இல்லை.

இந்த மாதிரி இடத்துல ஆணி பிடுங்கற தம்பி தங்கச்சிங்களுக்கு மட்டும் ஒண்ணு. உங்க பேர்ல எந்த ரிவ்யூ, எந்தத் தேதியில போச்சு, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க, யார் டிக் பண்ணச் சொன்னாங்க - வீட்டுல ஒரு நோட்டுல, பேனாவால, அன்னன்னிக்கே எழுதி வைங்க. கம்பெனி ஃபைல் ஒண்ணுகூட வேண்டாம், உங்க ஞாபகம் போதும். கேபினுக்குக் கூப்பிட்டு வாயால சொன்னா, சீட்டுக்கு வந்ததும் "நீங்க சொன்னபடி செய்கிறேன், சரிதானே?"ன்னு ஒரு மெயில் தட்டி விடுங்க. பாதி பேர் அதுக்குப் பதிலே போட மாட்டாங்க, பாருங்க.