சாவி யார் கையில்?

2025 ஜூலையில் நம் நாட்டில் நடந்த ஒரு சம்பவம் பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களோடு மறக்கப்பட்டு விட்டது. மறந்து விடக் கூடிய சம்பவமா அது?

குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தி வரும் நிறுவனம் நயாரா எனர்ஜி. ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் நிறுவனத்துக்கு அதில் 49.13 சதவீதப் பங்கு உண்டு. உக்ரைன் போரைக் காரணம் காட்டி ஐரோப்பிய யூனியன் ஜூலை 18 அன்று நயாரா மீது தடை விதித்தது. சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தி விட்டது. ஊழியர்கள் தங்கள் மின்னஞ்சலையே திறக்க முடியாமல் திகைத்தார்கள். தடை விதித்தது இந்திய அரசு அல்ல; ஐ.நா. சபையும் அல்ல. சேவைக்கான பணமோ முழுதாகக் கட்டப்பட்டிருந்தது. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, மாதக் கடைசியில் சேவை திரும்பக் கிடைத்தது.

ஆலை நம் மண்ணில். வேலை செய்வோர் நம் மக்கள். சாவி மட்டும் கடல் கடந்து யாரோ ஒருவர் கையில்!

நீதிமன்றத்துக்கும் இதே கதி

காஸாவில் நடந்த போர்க் குற்றங்களுக்காக இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கு, தி ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் பிடிவாரண்ட் பிறப்பித்தது. பதிலுக்கு அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 பிப்ரவரியில் அந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் கரீம் கான் மீது தடை விதித்தார். அவருடைய மைக்ரோசாப்ட் மின்னஞ்சல் கணக்கு துண்டிக்கப்பட்டதாக மே மாதத்தில் செய்தி வந்தது. நீதிமன்றத்துக்கான சேவைகளைத் தாங்கள் நிறுத்தவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. விளக்கம் எதுவானாலும் நீதிமன்றம் பாடம் படித்துக் கொண்டது. ஜெர்மனியின் ‘ஓபன்டெஸ்க்’ என்ற திறந்த மூல மென்பொருளுக்கு அது மாறப் போவதாக அக்டோபரில் செய்தி வெளியானது.

இன்னொரு செய்தியும் உண்டு. பாலஸ்தீனர்களின் தொலைபேசிப் பேச்சுக்களை இஸ்ரேல் ராணுவ உளவுப் பிரிவு மைக்ரோசாப்டின் கம்ப்யூட்டர்களில் சேமித்து வைத்திருந்ததை லண்டன் கார்டியன் பத்திரிகை அம்பலப்படுத்தியது. அதன் பின் 2025 செப்டம்பரில் அப்பிரிவுக்கான சில சேவைகளை நிறுவனம் நிறுத்தியது. நம்மில் பலர் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் சற்று யோசியுங்கள். இன்று நமக்குப் பிடித்த திசையில் திரும்பிய அதே சாவி நாளை எந்தத் திசையிலும் திரும்பும். அதைத் தீர்மானிக்கும் இடத்தில் நாம் இல்லை.

பூட்டிய அறை

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். நாம் வாங்கும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் விண்டோஸ்தான் இருக்கிறது. பணம் கொடுத்தாலும் அது நமக்குச் சொந்தமாவதில்லை; பயன்படுத்தும் அனுமதி மட்டுமே கிடைக்கிறது. வாடகை வீட்டில் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரே வைத்துக் கொண்டால் எப்படி இருக்கும்? உள்ளே என்ன இருக்கிறது, யார் வந்து போகிறார்கள் என்று குடியிருப்பவருக்குத் தெரியுமா?

இது வீண் சந்தேகம் அல்ல. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. கண்டுபிடித்து, உற்பத்தியாளரிடம் கூடச் சொல்லாமல் தன் ஆயுதமாக ரகசியமாக வைத்திருந்தது. அந்த ஆயுதம் வெளியே கசிந்தது. அதைக் கொண்டு 2017 மே மாதம் ஏவப்பட்ட ‘வான்னாக்ரை’ வைரஸ் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளையே முடக்கியது. வல்லரசின் ரகசியத்துக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள்.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. யாரும் படிக்கவும் திருத்தவும் நகலெடுக்கவும் உரிமையுள்ள மென்பொருளுக்காக அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததுதான் இன்று உபுண்டு, டெபியன், மின்ட் என்று பல பெயர்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

“லினக்ஸும் அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதானே?” என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. 2024 அக்டோபரில் பொருளாதாரத் தடைகளைக் காட்டி, லினக்ஸ் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யர்கள் சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டன. அது வேதனைக்குரியதே. ஆனால் நீக்க முடிந்தது பெயர்களை மட்டும். ரஷ்யர்களிடம் இருக்கும் லினக்ஸை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. அதைத் திருத்தி வளர்க்கும் உரிமையையும் பறிக்க முடியவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

விழித்துக் கொண்டவர்கள்

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களைத் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்து, வேலையைத் தொடங்கியது. அதே நாட்டின் மியூனிக் நகராட்சி 2013க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. ஆனால் 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. ஆட்சியாளர்களின் உறுதி தளர்ந்தால் நல்ல திட்டமும் தளரும் என்பதற்கு அது சாட்சி.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்கள். சென்னையிலுள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக் 2007இல் ‘பாஸ்’ என்ற லினக்ஸை வெளியிட்டது. தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்?

நாம் என்ன செய்யப் போகிறோம்?

நம் அலுவலகங்களிலும் நூலகங்களிலும் இருக்கும் விண்டோஸில் எவ்வளவு காசு கொடுத்து வாங்கியது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வோமா? மேடையில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து விட்டு, கண்டன அறிக்கையை அதன் மென்பொருளின் திருட்டு நகலில் டைப் செய்கிறோம். இதில் நேர்மையும் இல்லை; விடுதலையும் இல்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்து விட்டது. விண்டோஸ் 11 பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் இயந்திரங்களைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டுமா? அவற்றில் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் ஓடும்.

சிரமங்களையும் மறைக்க வேண்டியதில்லை. பேஜ்மேக்கரில் பத்திரிகை வடிவமைப்பவர்கள் உடனே மாற முடியாது. பழைய எழுத்துருக்களில் டைப் செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். சில அலுவல் மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். எனவே இருப்பதை இன்றே அழித்து விடுங்கள் என்று சொல்லவில்லை.

முதலில் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸையும் பயர்பாக்ஸையும் பழகுங்கள். பிறகு லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரில் நிறுவாமலேயே சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பின், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் நிறுவுங்கள். ஊருக்கு இரண்டு இளைஞர்கள் கற்றுக் கொண்டால் போதும். மற்றவர்களுக்கு அவர்கள் கற்றுத் தருவார்கள்.

ஒரு கம்ப்யூட்டரை மாற்றுவதால் வல்லரசுகளின் அநியாயம் நின்று விடாது. ஆனால் அந்த அநியாயத்தை எதிர்த்து நாம் எழுதும் கடிதம் நம் பெட்டியிலிருந்து வெளியே போக யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது. தன் கையே தனக்குதவி என்று சொன்ன சமூகம் நம்முடையது. இந்த விடுமுறையில் வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை வெளியே எடுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.