கதை யாருடையது?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படிந்து உருவம் பெறும். அச்சை மாற்றினால் உருவம் மாறும், மண் மாறாது. பழங்கதை ஒன்று திரைப்படமாகும்போதும் நாம் கேட்க வேண்டிய வினா இதுவே: மாறியது உருவமா, மண்ணா?

அலிபாபா கதையை எடுத்துக்கொள்வோம். 1709ஆம் ஆண்டு பாரிசு நகரில், அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் இளைஞர் சொல்லக் கேட்டு, பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் எழுதிய கதை இது. 1717இல் 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பில் அச்சேறியது. அதில் திருடர்கள் ஒளிந்திருப்பவை தோலாலான எண்ணெய்க் கலங்கள். பிற்கால ஓவியங்கள் அவற்றை மண் ஜாடிகளாக்கின. அதனால் கதைக்குக் குறையேதும் நேரவில்லை.

அக்கதையின் உயிர் அடிமைப்பெண் மர்ஜியானாவிடம் இருக்கிறது. திருடன் வாசலில் இட்ட அடையாளத்தை அயல்வீடுகளிலும் இட்டுக் குழப்பியவள் அவள். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்த இரவில், கலத்தினுள் மனிதக் குரல் கேட்டும் அலறாமல், கொதிக்கும் எண்ணெயால் 37 பேரை வீழ்த்தியவள் அவள். அலிபாபாவோ அப்போது உறங்கிக்கொண்டிருந்தான். பின்னர், நடனமாடியவாறே திருடர் தலைவனைக் கத்தியால் குத்தி முடித்தவளும் அவளே.

தமிழில் இக்கதை 1941இல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடிப்பில் நகைச்சுவைப் படமாயிற்று. 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரத்தின் இயக்கத்தில், இதைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக்கியது. எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும் பி.பானுமதி மர்ஜியானாவாகவும் நடித்தனர். ஏடு தர இயலாத வண்ணத்தையும் இசையையும் நடனத்தையும் திரை தந்தது. மூலத்தில் அலிபாபாவின் மகனை மணக்கும் மர்ஜியானா, இப்படத்தில் அலிபாபாவின் காதலியாகிறாள். நாயகனைக் காணத் திரண்ட மக்களுக்கு அது வேண்டியிருந்தது. ஆயினும், நாயகனின் வீரம் நடுவே வந்து நிற்கும்போது, ஓர் ஏழைப் பணிப்பெண்ணின் மதிநுட்பம் காதலியின் உதவியாகச் சுருங்கிவிடுகிறது என்றே கருதுகிறேன்.

இக்குறை திரையில் தொடங்கவில்லை. கதையின் தலைப்பே புகழை அலிபாபாவுக்குத் தந்துவிட்டது. கதை சொன்ன தியாப்பின் பெயரும் கலானின் நூலில் இடம்பெறவில்லை. அவருடைய நாட்குறிப்பிலிருந்தே பின்னாளில் தெரியவந்தது. சூளையில் வெந்து வரும் கிண்ணத்திலும் கூழை ஊற்றியவர் பெயர் எழுதப்படுவதில்லை அல்லவா?

மூலத்திலிருந்து எத்தனை காட்சிகள் விலகின என்று எண்ணுவதோடு ஒப்பீடு முடிந்துவிடாது. செயலைச் செய்தவர் யார், புகழ் யாரைச் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவோடு மூலத்தைப் படியுங்கள், படத்தையும் பாருங்கள்.