பலகை போனாலும் பதிவு போகலாமா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளக்காடானபோது, திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டில் அந்த அணை இல்லை. கூரை ஒழுகி, அண்ணனுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியின் மதர்போர்டு பழுதாயிற்று. அதனுள் இருந்தது, சங்கு குளித்து எங்களை வளர்த்த தாத்தாவின் குரல். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பைச் சிறுவனாகக் கண்ட கதையை அவர் சொல்ல, அண்ணன் பதிவு செய்திருந்தார். தாத்தா இன்று இல்லை.

“போர்டை மாற்றி, ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுத் தருகிறேன். பழையது எதுவும் இருக்காது” என்றார் கடைக்காரர். அண்ணன் தலையாட்டிவிட்டார். நான்தான் தடுத்தேன்.

நண்பர்களே! மதர்போர்டு வேறு, ஹார்டு டிஸ்க் வேறு. கோப்புகள் இருப்பது டிஸ்க்கில். அதைக் கழற்றி, நண்பரின் கணினியில் இணைத்து நகல் எடுத்த பின்னரே புதிய போர்டில் பொருத்தச் செய்தேன். ஃபார்மட் செய்யாமல் அதே பகுதியில் விண்டோஸை நிறுவினால், பழைய கோப்புகள் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறைக்குள் ஒதுங்கும். ஆனால் அது நிலையான இடமன்று. சில நாட்களில் தானே அழியவும் கூடும். புதிய கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருந்தாலோ, 48 இலக்க மீட்புச் சாவியின்றி டிஸ்க் திறவாது.

விண்டோஸ் உரிமம் பல கணினிகளில் மதர்போர்டோடு பிணைந்தது; போர்டு மாறினால் அதுவும் போகலாம். போகட்டும், மீண்டும் வாங்கலாம். தாத்தாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

கடைக்காரரைக் குறை கூறேன். கேள்வி கேளாமல் தலையாட்டும் நம் பழக்கமே குற்றம். கயிற்றைச் சோதிக்காமல் தாத்தா ஒருநாளும் கடலில் குதித்ததில்லை. நாமும் இன்றே ஒரு நகல் எடுத்து, வேறிடத்தில் வைப்போம்!