அடிக்கல் கண்டோம், சாவி எங்கே?

நகரம் எழ உழைத்தவனுக்கு அந்நகரில் வீடில்லை என்பது நம் வரலாற்றின் வெட்கக்கேடு. 1880களில் கோலாலம்பூர் அத்தாப்புக் குடில்களை நீக்கிச் செங்கல் நகராக எழுந்தபோது, அச்செங்கல் வெந்த களமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் வழித் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அவ்விருப்புப்பாதையைப் பேணிய தமிழர் பலர் பிரிக்பீல்ட்சில் குடியேறினர். அங்கே ஏறத்தாழ நூறாண்டு நின்ற ‘நூறு குவாட்டர்ஸ்’ வீடுகள் 2010களில் இடித்துத் தள்ளப்பட்டன. இன்று சுற்றிலும் விண்முட்டும் மாடிகள். தண்டவாளம் சுமந்தவனின் பேரனுக்கு அவற்றின் விலை எட்டுமா?

தோட்டத்திலும் இதே கதைதான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, உற்றார் உறவினர் தடையின்றித் தம்மைக் காண வர வேண்டும் என்பதும் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்று. வாசலுக்கு வரும் மாமனையும் மைத்துனனையும் வரவேற்க உரிமையில்லையென்றால் அது வீடாகுமா? லயம் தோட்டத்திற்குரியது, வேலை போனால் கூரையும் போகும். 1966, 1990 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டங்கள் வீட்டின் தரத்தைப் பேசினவேயன்றி, அதனைத் தொழிலாளிக்கு உடைமையாக்கவில்லை.

விளைவு என்ன? 1990களில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. நாட்டின் ஆட்சிபீடத்திற்கே இடம் விட்டவர்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா மாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அச்சுவர்கள் வெடித்தன. தரைவீடு கேட்டு அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தனர். பிரதமர்கள் மாறினர், மனு மாறவில்லை.

இதற்குப் பொறுப்பாளி யார்? நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்கிறது மத்திய அரசாங்கம். நிதி மத்தியில்தான் உள்ளது என்கிறது மாநிலம். ஒப்பந்தப்படியே கட்டினோம் என்கிறது நிறுவனம். மூவர் கையிலும் அதிகாரம் உண்டு; ஒருவர் தலையிலும் பழி இல்லை. நம்மவரின் பேராளர்களோ, தேர்தல்தோறும் அடிக்கல்லுக்கு மாலையிட்டுப் படம் பிடித்துக்கொள்வதையே தொண்டென்று எண்ணுகின்றனர்.

“எல்லார்க்கும் வீடு தர ஆகுமா?” என்பார் சிலர். ஆகும் என்பதற்கு நம்மிடமே சான்றுண்டு. தோட்டத் துண்டாடல் நம் மக்களைத் தெருவில் தள்ளியபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளியாகப் பாட்டாளியின் பணத்தைத் திரட்டினார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கொடுத்த பணத்திற்குக் கண்ணெதிரே கணக்கு இருந்தது. வாக்கு, நிலமாயிற்று. தலைமை என்பது அதுவன்றோ!

ஆசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே! தலைவர்களின் மறதி நம் மறதியால் வளர்கிறது. எனவே, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் ஏடு திறப்போம். எத்தனை வீடு, எந்த நிலம், எந்த நாளுக்குள், யார் பொறுப்பு என்னும் நான்கினையும் வாக்களித்தவர் பெயரோடு பதிவோம். நாள் கடந்தால் அவ்வேட்டோடு அவர் வாசலில் நிற்போம். மீண்டும் வாக்குக் கேட்டு வரும்போது, அப்பக்கத்தைப் புரட்டிக் காட்டுவோம்.

கேட்பது கருணையன்று, கணக்கு. மாலையிட்ட அடிக்கற்கள் போதும். இனி எங்கள் மக்களின் கையில் சாவி விழும் ஓசையே எங்களுக்குக் கேட்க வேண்டும்.