பீகார்: அலமாரியில் உறங்கும் இரண்டு அறிக்கைகள்

பீகாரில் அரசு என்ற ஒன்று காணாமற்போய்ப் பிறகு திரும்பி வந்ததை நம் காலத்திலேயே பார்த்தோம். இருபது ஆண்டுகளுக்கு முன் பாட்னாவில் இருட்டிவிட்டால் குடும்பத்தோடு வெளியே கிளம்ப யோசிப்பார்கள். பணத்துக்காக ஆள் கடத்துவது ஒரு தொழிலாகவே நடந்தது. 2005 நவம்பரில் நிதீஷ் குமார் முதல்வராகப் பொறுப்பேற்றதும் முதலில் கைவைத்த இடம் அதுதான். கொலை வழக்கென்றால் சாட்சியை மிரட்டிப் பிறழவைத்துவிடலாம். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் சாட்சியே காவலர்தான், அவரை அவ்வளவு எளிதில் மிரட்ட முடியாது. அதனால் அடியாட்கள் மீதிருந்த ஆயுதச் சட்ட வழக்குகளைத் தேடியெடுத்து விரைவு விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களைத் துணைக் காவல் படையில் சேர்த்தார்கள். புதிய சட்டம் எதுவும் போடாமல், இருக்கும் சட்டத்தை ஒழுங்காகப் பயன்படுத்தியதிலேயே ஊர் மூச்சுவிட்டது.

அடுத்து வந்தது சைக்கிள். 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். ஐந்தாவதும் எட்டாவதும் உள்ளூரிலேயே படிக்கலாம். உயர்நிலைப் பள்ளியோ பல கிராமங்களுக்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வயதுக்கு வந்த பெண்ணை அத்தனை தூரம் தனியாக நடக்கவிட எந்த வீட்டிலும் மனம் வராது. பள்ளிக்கூடத்தில் ஊரார் முன்னிலையில் பணம் கைக்கு வந்தது, வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. சீருடைப் பெண்கள் பத்துப் பேர் கூட்டமாக மிதித்துக்கொண்டு போனபோது, வயல்வெளிச் சாலையில் யார் நடமாடலாம் என்ற பழைய கட்டுப்பாடு உடைந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் செய்த ஆய்வு, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு கூடியது என்றது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அதே 2006இல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய முதல் மாநிலமும் பீகார்தான். 2001இல் 33 விழுக்காடாக இருந்த பெண்களின் எழுத்தறிவு 2011இல் 51ஐத் தாண்டியது.

2011இல் சேவை பெறும் உரிமைச் சட்டம் வந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று கேட்டு வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் ஒரு ரசீது தருவார்கள். சான்று என்றைக்குக் கிடைக்கும் என்ற தேதி அதில் இருக்கும். தேதி தவறினால் அலுவலரின் பையிலிருந்து அபராதம். இடைத்தரகர் அடியோடு ஒழிந்தார் என்று சொல்ல மாட்டோம். ஆனால் “நாளைக்கு வா” என்று சொல்லும் குமாஸ்தாவிடம் நீட்டிக்காட்ட ஏழையின் கையில் ஒரு தாள் இருந்தது. தமிழ்நாட்டிலும் இப்படியொரு சட்டம் வேண்டுமென்று மக்கள் இயக்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. அந்தக் கோரிக்கையோடு இந்த இதழ் நிற்கிறது.

சாலை, பாலம், மின்சாரம் என்று வேலைகள் நடந்தன. மாநிலத்தின் வளர்ச்சி விகிதம் சில ஆண்டுகள் பத்து விழுக்காட்டைத் தாண்டியது. அதைப் பொய்க்கணக்கு என்று தள்ள நாங்கள் தயாரில்லை. ஆனாலும் அத்தனைக்கும் பிறகு பீகாரில் ஒருவரின் சராசரி வருமானம் இந்தியச் சராசரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 2023இல் வெளியான மாநிலச் சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒரு குடும்பத்துக்கு மேல், சரியாகச் சொன்னால் 34.13 விழுக்காடு, மாதம் 6000 ரூபாய்க்குள் காலம் தள்ளுகிறது. இருபது ஆண்டு நல்ல நிர்வாகத்துக்குப் பிறகும் பிழைப்புக்கு வெளியூர் போனவர்கள் சத் பண்டிகைக்கு ஊர் திரும்பும் ரயில்களில் கால்வைக்க இடமில்லை என்றால், நிர்வாகம் தொடாத ஏதோ ஒன்று இருக்கிறது.

அது நிலம். 1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் வங்கத்தோடு பீகாரையும் ஜமீன்தார்களிடம் ஒப்படைத்தது. சுதந்திரத்துக்குப் பின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை முந்திக்கொண்டு நிறைவேற்றிய மாநிலங்களில் பீகாரும் ஒன்று. சட்டம் வந்தது, நிலம் நகரவில்லை. பின்னர் வந்த நில உச்சவரம்புக்கு மேற்பட்டதைப் பினாமிப் பெயர்களில் எழுதி வைத்துக்கொண்டார்கள். நிதீஷ் குமாருக்கு இது தெரியாததல்ல. மேற்கு வங்கத்தில், விளைச்சலில் பங்கு தந்து பிறர் நிலத்தை உழும் வாரக் குடிகளைப் பதிவுசெய்த ‘ஆபரேஷன் பர்கா’வை நடத்திய டி. பந்தியோபாத்யாயையே அழைத்து 2006இல் நிலச்சீர்திருத்த ஆணையம் அமைத்தார். 2008இல் அறிக்கை வந்தது. உச்சவரம்பு 15 ஏக்கர், வீடற்ற குடும்பத்துக்கு 10 டெசிமல் மனை, நம் கணக்கில் பத்து சென்ட். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ‘பட்டாயிதார்’ எனப்படும் வாரக் குடிகளின் பெயரை ஏட்டில் எழுதிச் சட்டப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றது.

நிலம் உள்ளவர்கள் கொதித்தார்கள். வாரச் சட்டம் வந்தால் உழுகிறவன் நிலத்தையே எடுத்துக்கொள்வான் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. 2009 செப்டம்பர் இடைத்தேர்தல்களில் ஆளும் கூட்டணி சறுக்கியது. அப்படி ஒரு சட்டம் வராது என்று அரசு சமாதானம் சொல்லிவிட்டு அறிக்கையை அலமாரியில் வைத்தது. தலித்துகளிலும் மிகப் பின்தங்கிய ‘மகாதலித்’ குடும்பங்களுக்கு மூன்று சென்ட் மனை கொடுக்கும் திட்டத்தோடு நிலப் பேச்சு முடிந்தது. மூன்று சென்ட்டில் ஒரு குடிசை எழும்பும். ஒரு மாடு கட்டவோ நான்கு கத்தரிச்செடி வைக்கவோ இடமிருக்காது. பத்து சென்ட் கேட்டதன் பொருளே அதுதான்.

இன்னோர் அறிக்கையும் அதே அலமாரியில் கிடக்கிறது. வெளியுறவுச் செயலராக இருந்த முச்குந்த் துபே தலைமையிலான பொதுப்பள்ளி ஆணையம் 2007இல் கொடுத்தது அது. பணக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் அருகிலுள்ள ஒரே பள்ளியில் படிக்க என்ன செலவாகும், எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கணக்கோடு சொன்னது. அரசு எடுத்த வழி வேறு. பஞ்சாயத்துகள் வழியாக, மாதம் சில ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் லட்சக்கணக்கான ஒப்பந்த ஆசிரியர்களை எடுத்தது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு மூன்றரை லட்சம் ஆசிரியர்கள் வழக்காடித் தோற்றது 2019இல். 2023இல் தேர்வு வைத்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை முறையான பணியில் சேர்த்தார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சைக்கிள் மிதித்துப் போன முதல் தலைமுறைப் பெண்களுக்கு அதனால் என்ன பயன்? அவர்கள் போய்ச் சேர்ந்த வகுப்பறையில் அறிவியல் ஆசிரியர் இல்லாத கதைகளே அதிகம்.

சீர்திருத்தம் என்று பொருளியல் அறிஞர்கள் சிலர் மெச்சிய இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2006இல் பீகார் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தையே ரத்துசெய்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் கவனிப்பாரற்றுப் போயின. தனியார் முதலீடு பாய்ந்து வரும் என்றார்கள். பூர்ணியாவின் குலாப்பாக் சந்தையில் மக்காச்சோளம் மலைமலையாகக் குவிகிறது, வெளி மாநிலங்களுக்குக் கோழித்தீவனமாகப் போகிறது. விலை சொல்வது வியாபாரி. நெல் விளைவித்த சிறு விவசாயி குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கீழே விற்றுவிட்டு வருகிறார். அவர் வாரக் குடியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நில ஆவணம் கையில் இல்லாதவருக்குக் கொள்முதல், பயிர்க்கடன், வெள்ள நிவாரணம் எதுவும் சுலபமில்லை.

பீகாரின் வறுமைக்கு முன்னாள் முதல்வர் லாலு பிரசாத் ஒருவரையே கைகாட்டுவோர் உண்டு. அவர் ஆட்சியில் நிர்வாகம் சீரழிந்தது உண்மை. மேல்சாதிக்காரர் முன் கட்டிலில் உட்காரவும் அஞ்சியவர்கள் நிமிர்ந்து பேசத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, 1950களில், மைய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாட்டைக் கொண்டுவந்தது. தன்பாத் நிலக்கரியும் ஜாம்ஷெட்பூர் எஃகும் நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்கும்படி செய்த ஏற்பாடு அது. சுரங்கத்தின் வாசலிலேயே தொழிற்சாலை எழவேண்டிய காரணம் போயிற்று. துறைமுகமும் மூலதனமும் இருந்த மாநிலங்கள் பயன்பெற்றன, தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. நாற்பது ஆண்டு கழித்து 1990களின் தொடக்கத்தில்தான் அது கைவிடப்பட்டது. 2000இல் ஜார்கண்ட் பிரிந்தபோது அந்தச் சுரங்கங்களும் ஆலைகளும் போய்விட்டன.

பீகாரைப் பற்றி இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. திருப்பூரின் பின்னலாடையையும் சென்னையின் மெட்ரோவையும் இழுத்துக்கொண்டிருக்கும் கைகளில் கணிசமானவை பீகார்க் கைகள். 2023 மார்ச்சில் அவர்களை இங்கே அடித்துக் கொல்வதாகப் பொய்க் காணொளிகள் பரவ, பலர் பயந்துபோய் மூட்டையோடு ரயிலேறினார்கள். செய்தி பொய்தான். ஆனால் ‘வடக்கன்’ என்று நம் தெருவில் சொல்லும் சொல் பொய்யல்ல. வேலையைப் பறிக்க வந்தவர் என்று அவரைப் பார்ப்பவர்கள், உழுத நிலத்தில் தன் பெயர் இல்லாததால் கிளம்பியவர் அவர் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவுக்குச் சட்டம் 1969இலேயே வந்தது. அதன் நடைமுறையில் ஆயிரம் ஓட்டை உண்டு. என்றாலும் குத்தகைக்காரர் பெயரை எழுத ஏடு ஒன்று இருந்தது.

பீகாரில் 2024 ஆகஸ்டில் மாநிலம் தழுவிய சிறப்பு நில அளவை தொடங்கியது. வெளியூரில் கூலிவேலை செய்கிறவர்கள்கூட விடுப்பெடுத்து ஓடினார்கள். பரணிலிருந்து எடுத்த தாத்தா காலத்துப் பத்திரம் ‘கைதி’ எனப்படும் பழைய வரிவடிவத்தில் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அளவை ஊழியர்களுக்கே அந்த எழுத்தைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி நடத்தினார்கள். பத்திரம் உள்ளவர் எப்பாடுபட்டாவது ஏட்டில் ஏறிவிடுவார். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுகிறவருக்கு எந்த எழுத்திலும் பத்திரம் கிடையாது. அளவைக்காரர் வரப்பில் நிற்கும்போதே நிலத்தை யார் உழுகிறார் என்பதையும் கேட்டு எழுதலாம். அதற்கு ஒரு வாரக் குடிச் சட்டம் தேவை. அதில் என்னென்ன இருக்கவேண்டும் என்பது 2008 அறிக்கையிலேயே இருக்கிறது.